கடலை எழுத வேண்டும்: காரைக்குடிக்குப் பக்கத்தில் எந்தக் கரைக்குப் போகலாம்?

கண்டனூர்க்காரி:
வணக்கம். சிறுகதை எழுதுகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுக்குள்ளேயே நடப்பவை. இப்போது ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் வரும் ஆச்சியின் கணவர் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுவிடுகிறது. அந்த ஆச்சி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வில்வண்டி கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கக் கிளம்புகிறாள். அந்த இடத்தில் கதை நின்றுபோய்க் கிடக்கிறது. கரையில் அவள் கண்ணுக்கு என்ன படும்? ஒரு வாரம் தங்கிப் பார்த்தால்தான் எழுத வரும். கூட்டம் இல்லாத, மரமும் பறவையும் உள்ள இடமாகச் சொல்லுங்கள். ராமேஸ்வரம் வேண்டாம், கோயிலோடு நாள் போய்விடும்.

பட்டுக்கோட்டையான்:
மனோரா பாருங்கள். சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம், கடலை ஒட்டியே நிற்கிறது. பறவைதான் முக்கியம் என்றால் மார்கழி, தை மாதத்தில் கோடியக்கரை. பூநாரை வரும், வெளிமானும் உண்டு. ஆனால் உங்களுக்குத் தூரம்.

தொண்டிக்கரை:
அக்கா, தொண்டிக்கு வாருங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாக ரோடு. உங்கள் ஆச்சியின் வண்டியும் இந்தத் திசையில்தான் வந்திருக்கும்.

எங்கள் கடலில் பெரிய அலை கிடையாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, எதிரே இலங்கை மறித்துக்கொண்டிருக்கிறது. பாதி நாள் ஊருணித் தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டு கிடக்கும். அதனால் கடல் வந்துவிட்டது என்பது அவளுக்குச் சத்தத்தில் தெரியாது. வாசனைதான் முந்தி வரும்: கரையில் ஒதுங்கி மக்கும் கடல்புல், அப்புறம் கருவாடு. மார்கழியில் வந்தாள் என்றால் வாடைக்காற்றில் தண்ணீர் கலங்கிச் சேற்று நிறமாக இருக்கும். பங்குனி, சித்திரை என்றால் தெளிவு. எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், அவள் பார்க்கும் கடலே மாறிவிடும்.

இன்னொன்று. தொண்டிக் கரையில் நின்று நேர் கிழக்கே பார்த்தால் எதிரே இருப்பது யாழ்ப்பாணம். பர்மா வடகிழக்கே வெகுதூரம். அவள் பர்மாவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இலங்கையைப் பார்த்து நிற்பாள். யாராவது ஒரு மீன்காரப் பெண் அவளுக்குத் திசை காட்டலாம். எனக்கென்னவோ உங்கள் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

மரம் கேட்டீர்களே, தொண்டிக்குத் தெற்கே காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது வேர், மூச்சுவிடுவதற்காக. இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாகத்தான் அந்த மரம் வெளியே தள்ளும். வெயில் ஏறினால் இலைமேல் உப்புப் பொடி மினுங்கும். தொட்டுப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கண்டனூர்க்காரி:
தம்பி, யாழ்ப்பாணம் என்று படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் அவளை வடக்கு பார்த்த வீட்டிலிருந்து கிளப்பியிருந்தேன், திசை அவளுக்கு மனப்பாடம். கரைக்கு வந்ததும் அது குழம்பட்டும். மார்கழியே இருக்கட்டும், கலங்கிய கடல். மீன்காரப் பெண்களோடு பேச எப்போது வரலாம்? தங்க இடம் உண்டா?

தொண்டிக்கரை:
சாதாரண லாட்ஜ்தான் அக்கா, வசதி எதிர்பார்க்க வேண்டாம். தேவகோட்டையில் தங்கி விடியற்காலையில் பஸ் பிடித்தாலும் சரிதான்.

விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகு முறை. அந்தக் காலத்துக் கதைக்கு இன்ஜின் சத்தம் ஆகாது, அதனால் நாட்டுப்படகு நாளில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில்தான் நிற்கும். ஓய்வாகப் பேச்சுக் கொடுக்க அது தோது. மார்கழிக் கடல் வேண்டுமென்றால் மார்கழியிலேயே வரவேண்டும், வேறு வழியில்லை. மீன் கரையேறும் நேரத்தில் பெண்களிடம் கேள்வி கேட்காதீர்கள், ஏலம் முடியட்டும். கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து வெற்றிலை போடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கண்டனூர் என்று சொன்னால் போதும், உங்கள் ஊர்ப் பக்கம் மீன் கொண்டுபோன கதையை அவர்களே ஆரம்பிப்பார்கள்.