பழைய காரின் எஞ்சின் நெடுந்தூரத்தில் சூடேறுகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1950-களில் தயாரான, வார்ப்பிரும்பு எஞ்சினும் பித்தளை ரேடியேட்டரும் கொண்ட கார் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். மெதுவாக ஓட்டும்போது வெப்பமானியின் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் அரைமணி நேரம் சீரான வேகத்தில் சென்றால், மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்த்ததில், அதில் பொறித்துள்ள 82 டிகிரி செல்சியஸிலேயே திறக்கத் தொடங்கியது. ஃபேன் பெல்ட்டிலும் ரேடியேட்டர் மூடியிலும் குறையில்லை. நீர் பம்பின் உறிஞ்சலில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சுருங்கி ஒட்டிக்கொள்கிறதோ என்ற ஐயத்தில் அதையும் மாற்றினேன்; பயனில்லை.

ரேடியேட்டரிலிருந்து வடித்த நீர் செம்பழுப்பாக இருந்தது. உள்ளங்கையில் ஏந்தியபோது துருத் துகள்கள் மணல்போல நெருடின. எஞ்சினை நிறுத்தியவுடன் ரேடியேட்டரின் முகப்பில் கையை நகர்த்தினால், கீழ் இடது மூலை மட்டும் குளிர்ந்திருக்கிறது. அங்குள்ள குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்பதே என் கணிப்பு.

மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்தால் போதுமா, ரேடியேட்டரின் குழாய்த் தொகுதியான ‘கோர்’ முழுவதையும் மாற்றுவது நல்லதா? எஞ்சினின் பக்கத் துளைகளை அடைக்கும் தகடுகளான கோர் பிளக்குகளைக் கழற்றி, கடைசி சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருக்கும் வண்டலை முதலில் அகற்றாவிட்டால், அது ரேடியேட்டரின் புதிய ‘கோர்’-ஐயும் அடைத்துவிடும் என்று அஞ்சுகிறேன். ஈயப் பற்றவைப்புகளை அரித்துவிடும் என்பதால் கடும் அமிலம் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை.

கூலன்ட்டாக (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமாக) எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்ற எண்ணியுள்ளேன். இத்தகைய ரேடியேட்டரில் அரிப்பைத் தடுக்கும் சிலிக்கேட் சேர்ந்த பழைய வகைக் கூலன்ட்டைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள், எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினீர்கள், வடித்தபோது நீர் எப்படி இருந்தது என்பதை அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.