பசிப்புல்லும் சூப்பும்: மேயோவில் நான் கேட்டவை

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், பஞ்சத்தைப் பற்றி நான் முதலில் கேட்டது ஒரு புல்லின் பெயராகத்தான். டூலாக் ஏரிப் பக்கம் நடக்கக் கிளம்பிய என்னிடம் பக்கத்து வீட்டு முதியவர் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு தொடங்கிய பெரும்பஞ்சத்தில் பட்டினியால் விழுந்தவர்கள் கிடந்த இடங்களில் பசிப்புல் முளைத்திருக்கும் என்றும், அதை மிதித்தவருக்குத் தாளாத பசி எடுத்து அடுத்த அடி வைக்க முடியாது என்றும், ஒரு வாய் உணவு கையிலிருந்தால் பிழைக்கலாம் என்றும் அவருடைய பாட்டி சொல்லியிருந்தாராம். ஐரிஷ் பேசும் முதியவர்கள் அந்த ஆண்டுகளைக் ‘கெட்ட காலம்’ என்றே சொல்கிறார்கள்.

சாவைப் பற்றித் தயங்காமல் பேசியவர், சூப் பற்றிக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். 1847 கோடையில் அரசின் சூப் கூடங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் உண்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் அவற்றை மூடிவிட்டார்கள். க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மதம் பாராமல் உணவளித்தார்கள். ஆனால் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டண்ட் சபைக்கு மாறினால்தான் சூப் என்று சொன்ன இடங்களும் இருந்ததால், ‘சூப் வாங்கிய குடும்பம்’ என்பது தலைமுறை கடந்தும் வசவாக நின்றது. பிள்ளையின் பசிக்காகக் கையேந்திய தாய்மேல் அந்தப் பழி விழுந்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நிபந்தனை விதித்தவர்மேல் அல்லவா அது விழுந்திருக்க வேண்டும்!

அன்று நான் நடந்த பாதையும் அப்படிப்பட்ட ஒரு நிபந்தனையின் பாதைதான். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்று சட்டம் இருந்த காலம் அது. 1849 மார்ச் இறுதியில், நிவாரணம் நாடி லூயிஸ்பர்கில் கூடியிருந்த ஏழைகளை, ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள டெல்ஃபி மாளிகைக்கு வந்து அதிகாரிகள்முன் நிற்கச் சொன்னார்கள். பனியிலும் குளிர்காற்றிலும் நடந்து போய், எதுவும் கிடைக்காமல் திரும்பியவர்களில் பலர் ஏரிக்கரையிலேயே இறந்தார்கள். எத்தனை பேர் என்பதை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அங்கே நட்டிருக்கும் கல்லில், சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர் எப்படிப் பெருமை காண முடியும் என்று கேட்ட காந்தியின் சொற்களைக் கண்டு வெகுநேரம் நின்றேன்.

மாலையில் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, தங்கள் வீட்டில் யாரேனும் சூப் வாங்கினார்களா என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டதாக முதியவர் சொன்னார். பாட்டி பதில் சொல்லாமல் எழுந்து, அடுப்பைக் கிளறப் போய்விட்டாராம்.