நிச்சயம் முடிந்த பிறகு முதல் டின்னர், சென்னையில் எங்கே போகலாம்?

அம்பத்தூர்_ரைடர்

வணக்கம் மக்களே. எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். இதுவரை பேசியதெல்லாம் போனில்தான், நேரில் பார்த்தபோதெல்லாம் பக்கத்தில் இரண்டு சித்தப்பா, ஒரு பெரியம்மா, ஒரு வீடியோகிராபர். இப்போதுதான் இரண்டு வீட்டிலும் சரி போய்விட்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். அவருக்குத் தரமணியில் வேலை, வேளச்சேரியில் லேடீஸ் ஹாஸ்டல், இரவு பத்து மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள். சொந்த ஊர் திருநெல்வேலி, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. நான் ஓடுவது பறப்பது எதையும் விடமாட்டேன், ஆனால் ஒரு நாள் சைவம் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை. பட்ஜெட் மூவாயிரம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாணிக் கடைகள்தான், அதனால் கேட்கிறேன். மால் ஃபுட் கோர்ட் வேண்டாம்.

கிண்டி_பெருசு

வாழ்த்துகள் தம்பி. மூவாயிரத்தை மறந்துவிட்டு கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கிற ஆவர்த்தனா உணவகத்துக்குக் கூட்டிப் போ. நம்ம ஊர்ச் சாப்பாடுதான், ஆனால் வருகிற விதமே வேறு. தக்காளி ரசத்தை பிரெஞ்ச் பிரஸ் என்கிற காபி வடிகட்டியில் மூலிகை போட்டு ஊறவைத்து மார்ட்டினி கிளாஸில் ஊற்றித் தருவார்கள். ஒவ்வொரு அயிட்டமாக வந்துகொண்டே இருக்கும், சைவத்துக்குத் தனி மெனு உண்டு. 2024-ல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் வந்த இடம். வேளச்சேரியிலிருந்து கிண்டி பக்கம்தானே, பத்து மணி கேட்டுக்கும் தோது.

பெசன்ட்நகர்_வாசகி

பெருசு சார், சாப்பாடு பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஜோடி இன்னும் தனியாக உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியதில்லை. அங்கே ஒவ்வொரு தட்டு வரும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று இது இன்ன பொருள், இப்படிச் செய்தோம், இந்த வரிசையில் சாப்பிடுங்கள் என்று விளக்குவார். ஒரு பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். நிதானமாகச் சாப்பிட வேண்டிய இடத்தில் ஹாஸ்டல் கேட்டை நினைத்துக்கொண்டு வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் கொடுத்த காசு வீண். முதல் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரைடர் தம்பி, இன்னொரு விஷயம், பெண் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கே போகிறோம் என்பதை முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம். ஹாஸ்டலில் சொல்ல வேண்டும், என்ன உடுத்துவது என்று யோசிக்க வேண்டும், பைக் என்றால் அதற்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். சனி ஞாயிறு போகவே போகாதீர்கள், எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பக்கத்து மேசையில் பர்த்டே, சர்வர்கள் நான்கு பேர் கைதட்டிப் பாடுவார்கள். காலண்டரில் முகூர்த்த நாளா என்றும் பாருங்கள், அன்று மாலை தி.நகர் பக்கம் வண்டி நகராது.

ஹாடோஸ்_ரோடு_அசோக்கு

நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் கப்பா சக்கா காந்தாரி. கேரளா வீடுகளிலும் கள்ளுக்கடைகளிலும் செய்கிற பதார்த்தங்களைத் தேடிப்பிடித்து மெனுவில் வைத்திருக்கிறார்கள். மீன், இறால்தான் அதிகம் பேசப்படும், ஆனால் சைவத்துக்குக் குறை இல்லை. பாலக்காட்டுப் பக்கத்து ராமசேரி இட்லி கிடைக்கும், தட்டையாக தோசை மாதிரி இருக்கும். கடைசியில் காந்தாரி மிளகாய் போட்ட ஐஸ்கிரீம் ஒன்று சொல்லுங்கள். முதலில் இனிக்கும், விழுங்கின பிறகு தொண்டையில் உறைக்கும். பேச விஷயம் இல்லாமல் தவித்தால் அதைப் பற்றியே பத்து நிமிடம் பேசலாம். கடைப் பெயரில் வருகிற கப்பா மரவள்ளி, சக்கா பலா, திருநெல்வேலிக்காரருக்கு இரண்டும் புதுசாகவும் இருக்காது, அந்நியமாகவும் இருக்காது.

தி.நகர் பசுல்லா ரோட்டில் பாண்டன் கிளப் என்று ஒன்று உண்டு, மலேசியா சிங்கப்பூர் பக்கத்துப் பெரனாக்கன் சமையல். எனக்கு மிகவும் பிடித்த இடம், ஆனால் இந்தத் தடவை வேண்டாம். சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ப்பது அந்தச் சமையலின் இயல்பு, சுத்த சைவக்காரரைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றுக்கும் சர்வரைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் சங்கடம்.

அப்புறம் பில். நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கிற உணவகம் என்றால் பெரும்பாலும் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே தனி உணவகம் என்றால் 5 சதவீதம். மூவாயிரம் பட்ஜெட்டில் இது பெரிய வித்தியாசம். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் கட்டாயம் இல்லை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, எடுக்கச் சொல்லலாம். அதற்காக வருங்கால மனைவி எதிரில் மேனேஜரைக் கூப்பிட்டு சட்டம் பேச வேண்டாம்.

பீச்_ஸ்டேஷன்_பாய்

என்னப்பா எல்லாரும் ஏசி ரூமையே காட்டுறீங்க. ப்ரோ, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குங்க. பர்மா பஜார் எதிரில், செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ கடைகள் வரிசையாக இருக்கும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்ம ஆட்கள் கொண்டு வந்த சாப்பாடு. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், உடைத்த தட்டை, பொரித்த பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவான், கூட சூடாக வாழைத்தண்டு சூப். முட்டை வேண்டாம்னு சொன்னா விட்டுடுவாங்க. இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டு ரயிலில் திரும்பினாலும் ஐந்நூறு ஆகாது. மீதி காசில் பூ வாங்கிக் கொடுங்க.

பெசன்ட்நகர்_வாசகி

பாய், அத்தோ எனக்கும் உயிர். ஆனால் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் இரவு எட்டு மணிக்கு மேல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதி பிளாட்பாரத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். அதுவும் நின்றுகொண்டு சாப்பிடுகிற இடம், முதல் தடவை தனியாகப் பேச வந்தவர்களைப் பின்னால் தட்டோடு நாலு பேர் எப்போது நகருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பேசுவது? இரண்டாவது, மூன்றாவது தடவை போகட்டும், அதுவும் சாயங்காலம்.

என் ஓட்டு ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் உள்ள அமெதிஸ்ட். மரம் செடி அடர்ந்த தோட்டம், அதை ஒட்டின வராந்தாவில் மேசை போட்டிருப்பார்கள். சாப்பாட்டுக்காக நகரத்திலேயே முதல் இடம் என்று சொல்லமாட்டேன், பாஸ்தா, சாண்ட்விச், கேக் வகையறாதான். ஆனால் நாம் பேசுவது நமக்குக் கேட்கும், எழுந்திருங்கள் என்று யாரும் பார்வையால் விரட்ட மாட்டார்கள். பக்கத்திலேயே சத்யம் தியேட்டர், ஆனால் படம் வேண்டாம், இரண்டரை மணி நேரம் இருட்டில் திரையைப் பார்ப்பதற்கா இத்தனை பேரிடம் அனுமதி வாங்கினீர்கள்?

அம்பத்தூர்_ரைடர்

எல்லாருக்கும் நன்றி. வாசகி அக்கா சொன்ன மாதிரி அவரிடமே ஆவர்த்தனா தவிர மற்ற மூன்று பெயரையும் அனுப்பிக் கேட்டேன். மிளகாய் ஐஸ்கிரீமைப் பார்த்துவிட்டு இது என்ன கொடுமை என்றார், ஆனால் அத்தோ போட்டோவுக்கு மட்டும் இரண்டு தடவை பதில் வந்தது. புதன்கிழமை ஒயிட்ஸ் ரோடு, ஏழு மணிக்கே போய்விடுகிறோம், ஒன்பதேகாலுக்குக் கிளம்பினால் கேட்டுக்குள் விட்டுவிடலாம் என்று கணக்கு. அடுத்த வாரம் சாயங்கால வெளிச்சத்திலேயே பாரிமுனை பக்கம் போய் அத்தோ. பெருசு சார், உங்கள் ரசம் கல்யாண நாளுக்கு. வராந்தா மேசைதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க முடியுமா அக்கா?

பெசன்ட்நகர்_வாசகி

போன் பண்ணிக் கேளுங்கள், புதன் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். இந்த ஊரில் மரத்தடியில் உட்காருவதென்றால் கொசுவுக்கு ஓடோமாஸ் கட்டாயம், பைக் டேங்க் பையில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இரண்டு.