பின்னல் மெலிவது போர் தண்ணீராலா, ஜீனாலா?

கடைமடைக்காரன்:
ஊர் மன்னார்குடிப் பக்கம். அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழம் பூ தாங்கிய பின்னல் இப்போது எலிவால் மாதிரி ஆகிவிட்டது. ஆற்றில் குளித்தவரை நன்றாக இருந்தது, போர் தண்ணீர்தான் கெடுத்தது என்கிறார். தம்பியோ, வயதானால் முடியின் ஸ்டெம் செல்லில் ஜீனே மாறிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, ஸ்டெம் செல் எண்ணெய் என்று ஏதோ ஒன்றுக்குப் பணம் கட்டப் போகிறான். ஜீன் மாறுமா என்ன?

நாற்றங்கால்:
ஜீன் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அதில் எது வேலை செய்கிறது, எது ஓய்ந்துபோகிறது என்பது மாறும். மயிர்க்காலில், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு உண்டு. விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பது போல ஸ்டெம் செல்கள் அங்கேதான் இருப்பு, ஒரு முடி உதிர்ந்தால் அடுத்தது அதிலிருந்துதான் முளைக்க வேண்டும். 2021இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு உயிரோடு இருக்கும் கிழட்டு எலியின் தோலையே நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த செல்கள் புடைப்பை விட்டு நழுவி வெளியே போய்க்கொண்டிருந்தன! செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஜீன்களை நடத்துகிற ஃபாக்ஸ்சி1, என்ஃபாட்சி1 என்ற இரண்டு கட்டுப்பாட்டு ஜீன்களும் வயதான செல்களில் மந்தமாகிவிடுகின்றன. வரப்பு உடைந்த வயல்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்ட எலிகளுக்கு இளவயதிலேயே முடி கொட்டியது.

வண்டல்:
அண்ணே, எல்லாம் எலிக்கதை. எலிவாலுக்கு எலி ஆராய்ச்சி, பொருத்தம்தான் :)

நாற்றங்கால்:
முழுக்க எலி இல்லை தம்பி. 2016இல் ஜப்பான் குழு ஒன்று, டிஎன்ஏ சேதம் சேரச் சேர ஸ்டெம் செல்லைப் பிடித்து வைக்கும் கொலாஜன் 17 என்ற புரதம் சிதைந்து, செல் சாதாரணத் தோல் செல்லாகி உதிர்ந்துபோவதை எலியில் காட்டியது. வயதான மனிதத் தலைத்தோலிலும் அந்தக் கொலாஜன் குறைந்திருந்தது.

வண்டல்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதையை மட்டும் குறை சொல்லாதீர்கள், மண்ணையும் பாருங்கள். கிழட்டு எலியின் ஸ்டெம் செல்லை எலிக்குட்டியின் உள்தோலோடு சேர்த்தால் திரும்பவும் முடி முளைத்திருக்கிறது. அப்புறம், போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், அறுந்து வரும், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தைராய்டும் இரும்புச் சத்தும் பார்த்தீர்களா? அதை முதலில் பாருங்கள். பாட்டிலுக்குள் ஸ்டெம் செல் உயிரோடு இருக்காது, தம்பியைப் பிடித்து நிறுத்துங்கள்.

கடைமடைக்காரன்:
தம்பி நேற்றே கட்டிவிட்டானாம். ரத்தப் பரிசோதனைக்கு நாளைக் காலை அம்மாவைக் கூட்டிப் போகிறேன்.