போச்சம்பள்ளி வீட்டுக் குழு: ஆட்டுக்கல் வரைபடம்

சனிக்கிழமை

மாலை 6:10
ரேவதி: (படம்)
ஆயா வீட்டு ஆட்டுக்கல். வீட்டில் இருக்கிற ஒரு பொருளை அளந்து மேலிருந்து பார்க்கிற பிளானும், முன்னாலிருந்து பார்க்கிற எலிவேஷனும் போட்டு வரச் சொன்னார் டிராயிங் சார். ஆயாதான் டேப்பைப் பிடித்துக்கொண்டார்கள். குழியின் ஆழத்தை எடுக்கத்தான் கஷ்டமாக இருந்தது. வாய்க்குக் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, நடுவில் இன்னொரு ஸ்கேலை இறக்கிப் பார்த்தோம். 180 மி.மீ.

6:14
அத்தை: அப்படியே நம்ம கல்லு! வாய் ஓரத்தில் தேய்ந்த இடத்தைக்கூட விடவில்லையே கண்ணு.

6:31
ஓசூர் மாமா: ரேவதி, பெரிதாக்கிப் பார்த்தேன். வெளியே சதுரம், உள்ளே வட்டம் என்று பிளானைப் பார்த்ததுமே புரிகிறது. எலிவேஷனில் குழி கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை விட்டு விட்டுக் கோடாகப் போட்டிருக்கிறாய். மிகவும் சரி.

6:33
ஓசூர் மாமா: இரண்டு இடத்தைத் திருத்து. கல்லின் அகலம் 400, நீ 1:5 அளவில் வரைந்ததால் தாளில் 80 வருகிறது. ஆனால் எண்ணாக எழுதும்போது 400 என்றுதான் எழுத வேண்டும். தாளில் எவ்வளவு சுருக்கினாலும் பொருளின் நிஜ அளவைத்தான் போடுவார்கள். 80 என்று போட்டால் செய்கிறவர் 80-க்குத்தான் செய்வார்.

6:35
ஓசூர் மாமா: அப்புறம், பிளானை எலிவேஷனுக்கு மேலே வைத்திருக்கிறாயே, அது சார் சொன்னதா?

6:36
ரேவதி: இல்லை மாமா, யூடியூபில் ஒரு அமெரிக்கக்காரர் அப்படித்தான் போட்டார்.

6:41
ஓசூர் மாமா: அதுதான் விஷயம். அவர்கள் ஊரில் தேர்டு ஆங்கிள் முறை, பிளான் மேலே வரும். நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, பிளான் கீழே வரும். கல்லுக்கு மேலே டார்ச் அடித்தால் நிழல் எங்கே விழும்? தரையில்தானே? அப்படி நினைத்துக்கொள், மறக்காது. இடது பக்கம் நின்று பார்க்கிற படமும் அதே மாதிரி வலது பக்கம் போகும்.

6:52
அப்பா: மாப்பிள்ளை, இது பத்தாம் வகுப்பு வருடம். சனிக்கிழமை தோறும் டிராயிங் கிளாஸ் என்று போகிறாள். அந்த நேரத்தில் கணக்குப் போடலாமே என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

7:05
ஓசூர் மாமா: மச்சான், கணக்குப் பரீட்சையில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மார்க் கையால் வரைவதற்குத்தான். ஆனால் மார்க்குக்காக மட்டும் நான் பேசவில்லை. நான் டூல் ரூமில், அதாவது கருவிகள் செய்யும் பட்டறையில், பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. டிராயிங் தேர்டு ஆங்கிள். ஓரத்தில் அதற்கான குறி இருந்தது, நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும். நான் அதைப் பார்க்கவே இல்லை. பழக்கத்தில் ஃபர்ஸ்ட் ஆங்கிளாகவே படித்து, காடியை, அதாவது நீளப் பள்ளத்தை, எதிர்ப் பக்கம் வெட்டிவிட்டேன். 12 பீஸ் ஸ்கிராப். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் ஒரு பிளான்கூடக் காட்டியதில்லை மச்சான். இவளுக்கு 15 வயதிலேயே கிடைக்கிறது, நிறுத்தாதீர்கள்.

7:12
ஓசூர் மாமா: பிற்பாடு ஐ.டி.ஐ.யில் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு 2 வருடம், பாலிடெக்னிக் என்றால் 3 வருடம். பர்கூர் அரசு என்ஜினியரிங் காலேஜுக்கே போனாலும் டிராயிங் இருக்கும். எங்கே போனாலும் இந்தக் கை வீண் போகாது.

7:20
அத்தை: அண்ணா, எனக்கும் இதில் பட்ட பாடு உண்டு. நிப்பட்டு பாக்கெட்டுக்கு லேபிள் போனிலேயே செய்தோமே, அச்சாகி வந்ததைப் பார்த்தால் பெயரில் கடைசி எழுத்து பாதி வெட்டுப்பட்டிருந்தது. போனில் பளிச்சென்று இருந்த பச்சை, தாளில் மங்கிப்போயிருந்தது. 500 லேபிள்! ரேவதிதான் அடுத்ததைச் செய்துகொடுத்தாள்.

7:24
ரேவதி: வெட்டும் கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மி.மீ. கலரை நீட்டிவிட்டேன் அத்தை, எழுத்தையெல்லாம் உள்ளே தள்ளி வைத்தேன். போன் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சில் நாலு மைதான். அந்தப் பச்சை மையில் வராது, அதனால் வேறு பச்சை எடுத்தேன். இங்க்ஸ்கேப் என்ற வரைகிற சாஃப்ட்வேரில் செய்தது, அது இலவசம்தான்.

7:40
அப்பா: லேபிளை நீ செய்தாய் என்று எனக்குத் தெரியாதே கண்ணு.

7:41
அப்பா: சரி, போகட்டும். சனிக்கிழமை கிளாஸ் முடிந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

7:43
ஓசூர் மாமா: நாளைக்கு ஊருக்கு வருகிறேன். செட் ஸ்கொயர் இரண்டும், 2எச் பென்சிலும் வாங்கி வருகிறேன். வெறும் எச்பி போட்டால் கோடு தடித்துப்போகிறது பார்.

8:55
ரேவதி: (படம்) பிளானைக் கீழே கொண்டுவந்துவிட்டேன் மாமா. 400 என்றும் எழுதிவிட்டேன். அடுத்து குழவி. அதற்கும் இரண்டு படம் வேண்டுமா?

9:02
ஓசூர் மாமா: குழவி சுற்றிலும் உருண்டைதானே. எலிவேஷன் ஒன்று போதும், அளவுக்கு முன்னால் விட்டக் குறியை (Ø) போட்டுவிடு.