மாம்பூ நிறைய எடுத்தும் காய் தங்குவதில்லை: மருந்து காரணமா, பருவநிலை காரணமா?

கேள்வி: பர்கூர் தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத் தோப்பில் பெரும்பாலானவை பெங்களூரா மரங்கள். ஓரங்களில் கொஞ்சம் செந்தூராவும் மல்கோவாவும் உண்டு. இந்தத் தை மாதத்தில் இலை தெரியாத அளவுக்குப் பூ எடுத்தது. ஆனால் பூங்கொத்தின் நுனியில் பிஞ்சுகள் கொத்துக் கொத்தாகத் திரண்டு, பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவுக்குள் வளர்ச்சி நின்று, கரும்பச்சை நிறத்துடன் சில வாரங்கள் இருந்துவிட்டு உதிர்ந்துபோயின. சிலவற்றை அறுத்துப் பார்த்தேன். உள்ளே பருப்பு வளரவே இல்லை. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், தத்துப்பூச்சிக்காகப் பூ மலர்ந்திருந்த நாட்களிலும் விடாமல் மருந்து அடித்தார். அப்பா காலத்தில் பூ நேரத்தில் தோப்புக்குள் நுழைந்தாலே ஈக்களின் இரைச்சல் காதில் விழுமாம். இப்போது அந்தச் சத்தமே இல்லை. இவற்றுக்குள் தொடர்பு இருக்கிறதா, அல்லது பனியையும் வெயிலையும்தான் காரணமாகச் சொல்ல வேண்டுமா?

பதில்: தருமபுரி உயிரியல் ஆசிரியை

தொடர்பு இருக்கிறது என்றே கருதுகிறேன். நீங்கள் விவரித்திருப்பது வட மாநிலங்களில் ஜும்கா என்று அழைக்கப்படும் குறைபாட்டுடன் அப்படியே பொருந்துகிறது. மகரந்தச் சேர்க்கை சரிவர நடக்காததால் கரு உருவாகாத பிஞ்சுகள்தாம் இப்படி நுனியில் குவிந்து நின்று உதிரும். பூக்கும் நாட்களில் குளிர் அதிகமாக இருந்தாலும் இது வரலாம் என்பதால், பருவநிலையை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கனியாவதில்லை என்பது மாமரத்தின் இயல்பு. ஆகவே உதிர்வைக் கண்டு மட்டும் முடிவு செய்யாமல், பருப்பில்லாத பிஞ்சுகள் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த பூப்பருவத்தில் ஒரு நாள் காலையில், புதிதாக விரிந்த ஒரு பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான் முழுமையாக வளர்ந்திருக்கும். அதன் பை முதலில் இளஞ்சிவப்பாக இருந்து, வெடிக்கும்போது ஊதா நிறமாகும். நடுவில் தட்டுப்போல் ஒரு தேன் சுரப்பி திறந்தபடியே இருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் இல்லாத ஈக்கள்கூட அந்தத் தேனை எளிதாக நக்க முடியும். மாம்பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் அதிக தூரம் போகாது. அதனால் வீட்டு ஈயைப் போன்றவை, பச்சை நிற ஊதுஈக்கள், பறந்தபடியே ஓரிடத்தில் நிற்கும் மிதக்கும் ஈக்கள், கொசுத்தேனீக்கள் ஆகியவைதாம் இந்த மரத்துக்கு வேலை செய்கின்றன. நாம் அருவருக்கும் ஊதுஈயைத் தைவானில் மாந்தோப்புகளுக்காகவே வளர்க்கிறார்கள்.

மிதக்கும் ஈயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பூவில் தேன் குடிப்பது வளர்ந்த ஈ. அதில் பல இனங்களின் புழுக்களோ அசுவினிகளைத் தின்று வாழ்கின்றன. ஆகவே பூ மலர்ந்திருக்கையில் அடிக்கும் மருந்து, மகரந்தம் சுமப்பதையும் பூச்சி தின்பதையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சிலந்தியும் அவ்வாறே மடிகின்றன. இலைப்பேன் போன்றவை விரைவாகப் பெருகக்கூடியவை. அவற்றைத் தின்பவை திரும்பி வருவதற்குள் அவை பல தலைமுறைகளைக் கடந்துவிடும். அப்போது மீண்டும் மருந்து தேவைப்படுகிறது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன என்பதால்தான், அதையும் அதன் வகையைச் சேர்ந்த வேறு இரண்டு மருந்துகளையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.

பதில்: சந்தூர் நாற்றுப்பண்ணையாளர்

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தத்துப்பூச்சியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து இலையெல்லாம் கறுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் கொத்தே கருகும். கட்டுப்படுத்தத்தான் வேண்டும், ஆனால் எப்போது என்பதே கேள்வி. கொத்து நீண்டு வரும்போது, மொட்டு விரிவதற்கு முன்பாக, பூச்சி மிகுதியாகத் தென்பட்டால் மட்டும் அடிப்பது வேறு. மலர்ந்த பூவின்மீது அடிப்பது வேறு. பூ இல்லாத மாதங்களில் தத்துப்பூச்சி பட்டை வெடிப்புகளில் ஒதுங்கியிருக்கும். நெருக்கமாகவும் நிழலாகவும் ஈரமாகவும் உள்ள தோப்புதான் அதற்குப் பிடித்த இடம். அறுவடை முடிந்ததும் உட்கிளைகளைக் கவாத்து செய்து வெயில் இறங்கும்படி விட்டால், தை மாதத்து வேலை பாதி குறைந்துவிடும்.

கேள்வியாளர்

மிக்க நன்றி, அம்மா, ஐயா. பூவைப் பார்த்துக் குத்தகை பேசுபவருக்கு அந்த ஒரு விளைச்சல்தான் கணக்கு. அடுத்த ஆண்டு பூச்சிகள் இருக்குமா என்பது அவர் கவலை அல்ல. இனிமேல் மலர்ந்த பூவில் மருந்து அடிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். தோப்பில் களைக்கொல்லியும் அடிக்கிறோம். அதனால் பாதிப்பு உண்டா? தேனீப் பெட்டி வைத்தால் போதுமா?

பதில்: காரிமங்கலம் தேனீ வளர்ப்பவர்

பெட்டி வைப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அருகில் தேன் மிகுந்த வேறு பூ இருந்தால் தேனீ மாம்பூவை விட்டு அங்கே போய்விடும். ஒரே இனத்தை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் பரவியபோது தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீயின் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. பலவகை ஈக்களும் காட்டுத் தேனீக்களும் இருந்தால் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று ஈடுசெய்யும். மாம்பூ சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் அவை எதைத் தின்று உயிர் வாழும் என்பதை யோசித்தால், களைக்கொல்லி ஏன் கெடுதல் என்பது விளங்கும். வரப்பில் தும்பையும் வேலியில் நொச்சியும் ஆடாதோடையும் நிற்கட்டும். மாம்பூ முடிந்த பிறகு பூக்கும் வேம்பையும் புங்கனையும் வெட்டாதீர்கள். மரங்களுக்கிடையே கொள்ளு விதைத்தால் மண்ணும் மூடப்படும், பூவும் கிடைக்கும்.

உங்கள் ஐயத்தை அடுத்த தையில் நீங்களே சோதித்துவிடலாம். மொட்டு நிலையில் ஒரே மரத்தில் சில கொத்துகளைக் கொசுவலைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். அதே பக்கத்தில் உள்ள வேறு சில கொத்துகளுக்கு நூல் மட்டும் கட்டித் திறந்து விடுங்கள். பூ உதிர்ந்ததும் வலையை எடுத்துவிட்டு, இரண்டிலும் பருப்புள்ள காய்களை எண்ணுங்கள். மூடிய கொத்தும் திறந்த கொத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் மோசமாக இருந்தால், உங்கள் தோப்புக்குப் பூச்சி வரவில்லை என்று சந்தேகிக்க வலுவான காரணம் கிடைக்கும். திறந்த கொத்தில் காய் நன்றாகப் பிடித்தும் பிறகு உதிர்ந்தால், நீரையும் உரத்தையும் பனியையும் குறித்து ஆராயத் தொடங்கலாம்.