ஹகோனே வெந்நீரூற்று விடுதி: அம்மாவுக்காக ஒரு உதவி

வணக்கம். நவம்பர் கடைசியில் அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஹகோனே என்ற ஊரில் நவீன ஓன்சென் (வெந்நீரூற்றுக் குளியல்) விடுதி ஒன்றில் ஒரு இரவாவது தங்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரை மெத்தையில் படுத்து எழ முடியாது. தத்தாமி (பாய் பதித்த தரை) அறையிலேயே கட்டில் போட்ட விடுதிகள் இப்போது இருப்பதால் அது சரி.

பொதுக் குளியலில் உடை இல்லாமல்தான் இறங்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி என்றாலும் அம்மா கூச்சப்படுவார். அதனால் திறந்தவெளித் தொட்டி உள்ள அறையாகப் பார்க்கிறேன். ஆனால் சில விடுதிகளில் அறைத் தொட்டிக்கு வருவது ஊற்று நீர் அல்ல, சூடாக்கிய சாதாரணத் தண்ணீர். முன்பதிவுக்கு முன் இதை எப்படிக் கேட்டு உறுதி செய்தீர்கள்?

அப்புறம் சாப்பாடு. இதுதான் எனக்குப் பெரிய கவலை. அம்மா சுத்த சைவம். கைசேகி என்ற பல சுற்று ஜப்பானிய விருந்தில் காய்கறி, டோஃபு எல்லாம் வரும். ஆனால் அவற்றை வேகவைக்கும் தாஷி சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. பார்வைக்குத் தெரியவே தெரியாது. கொம்பு என்ற கடற்பாசியும் ஷீட்டாக்கே காளானும் மட்டும் போட்டு தாஷி செய்து தரும் விடுதி உங்களுக்குத் தெரியுமா? எத்தனை நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்? பெற்றோருடன் அங்கே தங்கியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.